முதல் கணினிப் பாடத்துக்கு ரேஸ்பெர்ரி பை 400: ஒரு மதிப்பீடு

கணினியைப் புதிதாகக் கற்க வருகிறவர் முதல் வாரத்தில் எதிர்கொள்ளும் சொற்கள் எந்தப் பயிற்சி மையத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன: வன்பொருள், மென்பொருள், பிராசஸர், ரேம், சேமிப்பகம், இயங்குதளம், போர்ட், டிரைவர். இவை கரும்பலகையில் எழுதப்பட்டு, குறிப்பேட்டில் படியெடுக்கப்பட்டு, தேர்வுத் தாளில் திரும்ப எழுதப்படுகின்றன. அந்தச் சொல் சுட்டும் பொருளைத் தனியே பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மடிக்கணினியில் எல்லாம் ஒரே உறைக்குள் அடைபட்டிருக்கிறது. கைப்பேசியில் நிலைமை இன்னும் மோசம். ரேஸ்பெர்ரி பை 400 என்ற சிறு கணினியை இந்த ஒரு கோணத்திலிருந்து மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். அடிப்படைச் சொற்களைத் தொடக்கநிலை மாணவருக்குப் புரியவைப்பதில் இது எவ்வளவு தூரம் துணைவரும், எங்கே கைவிடும் என்பதுதான் கேள்வி. வேகத்துக்காக இதை யாரும் வாங்க வேண்டியதில்லை.

பார்வைக்கு இது ஒரு சிறிய விசைப்பலகை. நீளம் 28.6 சென்டிமீட்டர், அகலம் 12.2 சென்டிமீட்டர், மிகத் தடித்த இடத்தில் கனம் 2.3 சென்டிமீட்டர். முழுக் கணினியும் அந்த விசைகளுக்கு அடியில் இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கும் ரேஸ்பெர்ரி பை நிறுவனம் 2020 நவம்பரில் இதை வெளியிட்டபோது கணினி மட்டும் 70 டாலர், முழுத் தொகுப்பு 100 டாலர் என்று விலை வைத்தது. தொகுப்பில் மவுஸ், மின்னிணைப்புக்கான அடாப்டர், படத்தையும் ஒலியையும் திரைக்குக் கொண்டுசெல்லும் எச்டிஎம்ஐ கேபிள், இயங்குதளம் பதிந்து வரும் 16 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, தொடக்கநிலையினருக்கான ஒரு கையேடு ஆகியவை அடங்கும். மானிட்டர் கிடையாது, எச்டிஎம்ஐ துளையுள்ள தொலைக்காட்சிப் பெட்டி வீட்டில் இருந்தால் அதுவே போதும். இந்தியாவில் இறக்குமதிச் செலவும் வரியும் சேர்வதால் டாலர் விலையை ரூபாயில் பெருக்கிக் கிடைக்கும் தொகையைவிடக் கூடுதலாகவே கடைக்காரர் கேட்பார்.

விசைப்பலகைக்குள் கணினி என்ற வடிவம் புதிதன்று. 1981-இல் ஏகான் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோவும் அடுத்த ஆண்டு வந்த கமடோர் 64-உம் இதே வடிவில்தான் இருந்தன. 1984-இல் இந்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்ப கிளாஸ் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிகளுக்குச் சென்றவையும் பிபிசி மைக்ரோக்களே. ரேஸ்பெர்ரி பை உருவானதற்கான காரணமே அந்தத் தலைமுறைக் கணினிகள் மறைந்ததுதான்: வீட்டில் நிரல் எழுதிப் பழகிவிட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் குறைந்துவருவதை ஈபன் அப்டனும் அவருடைய சக ஆசிரியர்களும் கவனித்தார்கள், மலிவான, மாணவர் அச்சமின்றிக் கையாளக்கூடிய கணினி ஒன்று வேண்டும் என்று கருதினார்கள், உறையில்லாத சுற்றுப்பலகையாக முதல் ரேஸ்பெர்ரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. ஏகான் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் 1980-களில் வடிவமைத்த ஆர்ம் என்ற பிராசஸர் கட்டமைப்பின் வழிவந்த பிராசஸரே பை 400-இலும் இருக்கிறது.

பிராசஸரிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். நம்மூரில் மேசைக்கடியில் நிற்கும் உயரமான பெட்டியைத்தான் எல்லோரும் 'சிபியு' என்கிறார்கள். பழுது நீக்குபவரிடம் "சிபியுவைக் கொண்டுவாங்க" என்றால் அவரும் பெட்டியைத்தான் எதிர்பார்க்கிறார். அந்தப் பெட்டிக்குள் மின்வழங்கியும் மதர்போர்டும் ஹார்ட் டிஸ்கும் விசிறிகளும் இருக்கின்றன என்பதும், உண்மையான மையச் செயலகம் அவற்றுக்கிடையே ஒரு தீப்பெட்டி அளவே உள்ள சில்லு என்பதும் மாணவருக்கு எட்டவே வெகுநாள் ஆகிறது. பை 400-இல் பெட்டியே இல்லாததால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கணக்கிடும் வேலையைச் செய்வது பிராட்காம் பிசிஎம்2711 என்ற ஒற்றைச் சில்லு, அதில் தனித்தனியே கணக்கிடக்கூடிய நான்கு கோர்கள் உள்ளன, ஒவ்வொன்றும் 1.8 கிகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 180 கோடித் துடிப்புகளில் இயங்குகிறது. படங்களைத் திரைக்கு வரைந்து அனுப்பும் கிராஃபிக்ஸ் பகுதியும் அதே சில்லுக்குள் அடக்கம். திரையின் மேற்பட்டையில் பிராசஸரின் பளுவைக் காட்டும் சிறு வரைபடம் ஒன்றை வைத்துக்கொள்ள முடிகிறது. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தவுடன் அது எழும்புவதையும், பக்கம் வந்து நின்றதும் தணிவதையும் ஒருமுறை பார்த்த மாணவருக்கு அந்தச் சொல்லுக்குத் தனியே வரையறை எழுதித்தர வேண்டியதில்லை.

இதில் ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உறை மூடியே இருக்கிறது. முதல் ரேஸ்பெர்ரி பை பலகைகளின் பெரும் கவர்ச்சி, எல்லாம் கண்முன்னே பச்சைப் பலகையில் விரிந்து கிடந்ததுதான். பை 400-இல் அந்தப் பலகையும், விசிறிக்குப் பதிலாக வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பும் அகலமான உலோகத் தகடும் விசைகளுக்கு அடியில் மறைந்துவிட்டன. உறையைப் பிரிக்க முடியாது என்றில்லை. ஆனால் உள்ளே கொக்கிகளால் பிணைக்கப்பட்டிருப்பதால் பழகாத கைகள் அதை உடைத்துவிடும், விசைப்பலகையை இணைக்கும் மெல்லிய நாடாவும் அறுந்துபோகக்கூடும். தூசியும் தேநீரும் நிறைந்த வீட்டுச் சூழலுக்கு மூடிய உறையே நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இழப்பே.

ரேமுக்கும் சேமிப்பகத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதில்தான் இந்தக் கருவி தன் விலையை நியாயப்படுத்துகிறது. கைப்பேசிக் கடைகளில் இரண்டையும் 'மெமரி' என்றே சொல்லி விற்பதால், 'மெமரி ஃபுல்' என்ற அறிவிப்பு வரும்போது நிறைந்தது எது என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை. ரேமை மேசைக்கும் ஹார்ட் டிஸ்கை அலமாரிக்கும் ஒப்பிடும் பழைய உவமையை நான் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். அது கேட்பவருக்கு மேசையையும் அலமாரியையும் நினைவில் நிறுத்துகிறதே தவிர ரேமை நிறுத்துவதில்லை. பை 400-இல் ரேம் 4 ஜிபி, பலகையில் நிலையாகப் பற்றவைக்கப்பட்டது. சேமிப்பகமோ பின்புறத் துளையில் செருகி எடுக்கும் விரல்நகம் அளவான கார்டு. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள முடியும், மற்றதை முடியாது. எழுத்துத் திருத்தியைத் திறந்து இரண்டு வரி தட்டச்சு செய்து, சேமிக்காமல் கணினியை அணைத்துவிட்டுத் திரும்ப இயக்கினால் வரிகள் இருக்காது. அதே வரிகளைச் சேமித்துவிட்டு அணைத்தால் இருக்கும். கார்டைக் கழற்றி இன்னொரு பை 400-இல் செருகினால் அங்கும் அந்த வரிகள் வரும். இந்தச் சோதனைகளுக்குப் பிறகு 'தற்காலிக நினைவகம்', 'நிலையான சேமிப்பகம்' என்ற பாடநூல் தொடர்களுக்கு உயிர் வந்துவிடுகிறது.

4 ஜிபி என்பது இன்றைய அளவில் குறைவு. கற்பவருக்கு அந்தக் குறைவே உதவுகிறது. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் பத்துப் பதினைந்து தாவல்களைத் திறந்தாலும் எதுவும் உணரப்படாது. இங்கே குரோமியம் உலாவியில் கனமான பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால், டாஸ்க் மேனேஜரில் நினைவகத்தின் அளவு ஏறுவதையும், ஒரு கட்டத்தில் சுட்டியே தயங்கித் தயங்கி நகர்வதையும், இரண்டு தாவல்களை மூடியவுடன் மீண்டும் மூச்சுவிடுவதையும் கண்ணால் காணலாம். கார்டின் அளவும் ஒரு பாடமே. உறையில் 16 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், கணினியோ 14.9-க்கு மேல் காட்டாது. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார், இயங்குதளம் 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தருணம் கிடைக்காது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற சந்தேகமும் தீரும்.

அடுத்து, கார்டே இல்லாமல் கணினியை இயக்கிப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றில் கணினிப் பயன்பாடுகள் பாடம் எடுத்திருக்கும் என் அண்ணன் மகளுக்காகவே இதை வாங்கினேன். அவளுக்கு நான் காட்டியவற்றுள் மிகவும் பிடித்துப்போனது இதுதான். பிராசஸர் இருக்கிறது, ரேம் இருக்கிறது, மின்சாரம் பாய்கிறது, ஆனாலும் திரையில் மேசைத்தளம் வருவதில்லை. வன்பொருள் முழுமையாக இருந்தும் மென்பொருள் இல்லாவிட்டால் பயனில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதே வேளையில் திரை முழுவதும் கறுத்தும் போவதில்லை: கணினியின் வகை, அதன் அடையாள எண் ஆகிய விவரங்களோடு, கார்டைக் காணவில்லை என்ற செய்தியும் தோன்றுகிறது. "கார்டு இல்லாமல் இந்த எழுத்து எங்கிருந்து வருகிறது, சித்தப்பா?" என்று அவள் கேட்டாள். பலகையிலுள்ள சிறு நினைவகச் சில்லு ஒன்றில் தயாரிப்பாளரே எழுதிவைத்த, கணினியை முதலில் எழுப்பும் பூட்லோடர் என்ற மென்பொருள் அது. வன்பொருளுக்குள்ளேயே குடியிருக்கும் இத்தகைய மென்பொருளைத்தான் ஃபார்ம்வேர் என்கிறார்கள். வன்பொருள், மென்பொருள் என்ற இருகூற்றுப் பிரிவைச் சொல்லிவிட்டு நிறுத்தும் குறிப்பேடுகள் இந்த மூன்றாவது சொல்லைத் தொடுவதேயில்லை. புதிய பூட்லோடர் உள்ள கருவியில், கம்பிவழி இணையத்துக்கான ஈதர்நெட் கேபிளைச் செருகி ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால், இயங்குதளத்தை இணையத்திலிருந்து நேரே இறக்கிக் காலிக் கார்டில் எழுதிக்கொள்ளவும் வழியுண்டு. மாணவர் எதைக் கலைத்துப்போட்டாலும் அதிக நேரமின்றிப் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதால், வீட்டுக் கணினியில் இருக்கும் 'தொடாதே' என்ற அச்சம் இங்கே இல்லை.

இயங்குதளமாக வருவது ரேஸ்பெர்ரி பை ஓஎஸ். 2020 வரை அதன் பெயர் ராஸ்பியன். இது டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வழிவந்தது. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து உருவாக்கப்பட்டதே. எனவே அதைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சூழல் முற்றிலும் அயலாகத் தோன்றாது. இயங்குதளம் வேறு, அதன்மேல் ஓடும் பயன்பாட்டு மென்பொருள் வேறு என்பதைக் காட்ட இரண்டாவது கார்டு ஒன்றில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தைப் பதிந்து மாற்றி மாற்றிச் செருகுவது எளிய வழி: கணினி அதுவே, தோற்றமும் பட்டியல்களும் மட்டும் வேறு, ஆனால் இரண்டிலும் லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் ஒரே கோப்பைத் திறக்கிறது. பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் உபுண்டுவும் லிப்ரே ஆபிஸின் முன்னோடியான ஓப்பன் ஆபிஸும் இடம்பெற்றிருப்பதால் இந்தப் பயிற்சி பாடத்துக்கும் நேரடியாகவே பயன்படுகிறது.

தமிழுக்கு வருவோம். டெபியனின் தொகுப்பகத்திலிருந்து தமிழ் எழுத்துருக்களை நிறுவிக்கொண்டால் பக்கங்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் சேர்த்தால் 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ் 99 விசையமைப்பில் தட்டச்சு செய்யலாம். லிப்ரே ஆபிஸின் பட்டியல்களைத் தமிழிலேயே காட்டும் தொகுப்பும் இருக்கிறது. இவை எதுவும் முன்கூட்டியே பதிந்து வருவதில்லை என்பது குறைதான். ஆயினும் 'நிறுவுதல்', 'தொகுப்பு', 'புதுப்பித்தல்' ஆகிய சொற்களை மாணவர் கற்றுக்கொள்ள, தம் மொழியைத் தம் கணினியில் தாமே வரவழைப்பதைவிட நல்ல முதல் பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. பெட்டியில் வரும் கையேடோ ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. ஆங்கிலம் தடையாக உள்ள மாணவர் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டியிருக்கும்.

பிற கருவிகளைச் செருகும் துளைகளான போர்ட்டுகள் எல்லாம் பின்புறத்தில் ஒரே வரிசையில் இருக்கின்றன. யுஎஸ்பி மூன்று; அவற்றில் நீல நிற இரண்டும் யுஎஸ்பி 3.0, மற்றது 2.0. முன்னதன் உச்ச வேகம் நொடிக்கு 5 கிகாபிட், பின்னதற்கு 480 மெகாபிட் என்பதால், மவுஸை 2.0-இலும் பென் டிரைவை நீலத் துளையிலும் செருகச் சொல்லிக்கொடுக்கலாம். கிகாபிட் ஈதர்நெட், மின்னிணைப்புக்கான டைப் சி, இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ ஆகியவை மற்றவை. வைஃபையும் புளூடூத்தும் உள்ளே இருக்கின்றன. மைக்ரோ எச்டிஎம்ஐ எனக்கு உவப்பில்லாத தேர்வு. மெல்லிய அந்தத் துளை அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கு ஏற்றதன்று. தொகுப்பில் வரும் கேபிள் தொலைந்தால் தெருமுனைக் கடையில் கிடைப்பதும் அரிது. பழைய விஜிஏ மானிட்டருக்குத் தனியாக ஒரு மாற்றி வேண்டும். ஹெட்போன் துளை இல்லவே இல்லை. ஒலி எச்டிஎம்ஐ வழியாகத்தான் போகிறது. ஒலிபெருக்கி இல்லாத மானிட்டரை இணைத்தவர் கணினி பழுதென்றே நினைப்பார். புளூடூத் ஒலிபெருக்கியோ யுஎஸ்பி ஹெட்போனோ இருந்தால் சமாளிக்கலாம்.

பின்புறத்தில் இன்னொன்றும் இருக்கிறது: ஜிபிஐஓ எனப்படும் 40 ஊசிகள். ஒரு சிறு எல்இடி விளக்கு, ஒரு மின்தடை, இரண்டு கம்பிகள் இருந்தால் பைத்தான் என்ற நிரல்மொழியில் நாலைந்து வரிகள் எழுதி விளக்கை மின்னவைக்கலாம். திரைக்குள் இருக்கும் எழுத்து திரைக்கு வெளியே ஒரு பொருளை அசைப்பதை முதன்முறை பார்ப்பவருக்கு 'வெளியீடு' என்ற சொல் மானிட்டரையும் பிரிண்டரையும் தாண்டி விரிகிறது. இந்த ஊசிகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 5 வோல்ட்டை உள்ளீட்டு ஊசியில் கொடுத்தால் சில்லு கெட்டுப்போகும். சிறுவர்களிடம் தருவதற்கு முன் ஊசிகளின் வரைபடத்தை அச்சிட்டுப் பக்கத்தில் ஒட்டிவைப்பது அவசியம்.

இனி, இதை வீட்டின் ஒரே கணினியாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல்கள் இதில் நேரடியாக ஓடமாட்டா. இயங்குதளம் மட்டும் இதற்குக் காரணமன்று. அவை இன்டெல், ஏஎம்டி வகைப் பிராசஸர்களின் கட்டளைகளுக்காக ஆக்கப்பட்டவை, இதிலிருப்பதோ ஆர்ம். வணிகவியல் மாணவருக்குத் தேவையான டேலி என்ற கணக்கு மென்பொருள் இதில் ஓடாது. அது ஒன்றே பல வீடுகளுக்கு முடிவைச் சொல்லிவிடும். பிரிண்டர் வாங்கும்போதும் லினக்ஸுக்கும் ஆர்முக்கும் ஏற்ற டிரைவர், அதாவது அந்தப் பிரிண்டரோடு இயங்குதளம் பேச உதவும் மென்பொருள், உண்டா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். டிரைவர் என்பது என்ன என்று புரிவதற்கு அந்தத் தேடலும் உதவும், ஆனால் மறுநாள் விண்ணப்பம் அச்சிட வேண்டியவருக்கு அந்த ஞானம் தேவையில்லை. மின்கலம் இல்லாததால் மின்வெட்டு நேர்ந்தால் உடனே அணைந்துவிடும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் அப்படி நேர்ந்தால் கோப்புகள் சிதையக்கூடும். சிறிய யுபிஎஸ் ஒன்றை முதல் செலவுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. உள்ளே தனிக் கடிகாரம் இல்லாததால் இணையமில்லாத இடத்தில் நேரமும் தவறாகவே காட்டும்.

இதே தொகையில் சென்னை ரிச்சி தெருவில் பழைய மேசைக்கணினி ஒன்றை வாங்கிவிடலாமே என்பதும் நியாயமான கேள்வி. வன்பொருளின் உறுப்புகளைத் தனித்தனியே கழற்றிக் காட்டுவதற்கு அதுவே சிறந்தது: ரேம் பட்டையை உருவலாம், ஹார்ட் டிஸ்கைக் கையில் எடைபோடலாம், எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டியையும் விசிறியையும் தொட்டுக் காட்டலாம். பயிற்சி மையம் நடத்துபவருக்கு என் பரிந்துரை, ஓடாத பழைய கணினி ஒன்றைத் திறந்த நிலையில் மேசைமேல் வைத்துவிட்டு, இயக்கிப் பழகுவதற்குப் பை 400-ஐ வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. முன்னது உறுப்புகளின் பெயரைச் சொல்லித்தரும். மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் இடையிலுள்ள உறவைப் பின்னதைப்போல் மலிவாகவும் அச்சமின்றியும் காட்டக்கூடிய வேறு கருவியை நான் அறியேன்.

2024 டிசம்பரில் வந்த பை 500 இதே வடிவில் 8 ஜிபி ரேமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரும் கொண்டது.  வெளியீட்டு விலை 90 டாலர். அன்றாட உலாவலும் கற்றலும் ஒருசேர வேண்டுபவர் அதையே வாங்கலாம். 2025 செப்டம்பரில் வெளியான பை 500 பிளஸ் 16 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் கொண்டு 200 டாலர் விலையில் வந்தது. தொடக்கநிலை மாணவருக்கு அது தேவைக்கு மேற்பட்டது. பை 400-ஐத் தேர்ந்தெடுப்பவர் தனிக் கருவியை வாங்காமல் முழுத் தொகுப்பையே கேட்டு வாங்குவதும், பெட்டியைத் திறந்தவுடன் மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் உள்ளதா, அடாப்டர் 5 வோல்ட் 3 ஆம்பியர் அளவுடையதா என்று பார்ப்பதும், கூடவே 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்றை இரண்டாவது இயங்குதளத்துக்காக எடுத்துக்கொள்வதும் போதும்.